பேராசிரியர் லூக்னரின் தேனீக்கள்

மார்ச் 1, சனி

முப்பத்தெட்டு.

அது என் சப்பாத்தின் அளவு. இன்று முதல் என் தமிழின் அளவும் அதுதான். நூற்றுக்கு.

இந்தக் கொப்பியை அம்மா வாங்கித் தந்தபோது, இதைத் தமிழில் எழுதுவது என்று முடிவெடுத்தேன். மொழிப்பற்று ஒன்றும் இல்லை. சுவிஸ் பள்ளியில் யாராவது பறித்துத் திறந்தால், வரிக்கு வரி முறுக்குப் பிழிந்து வைத்திருக்கிறாள் என்று நினைத்து மூடிவிடுவார்கள். பாதுகாப்பான மொழி. அந்த மொழியில்தான் எனக்கு முப்பத்தெட்டு.

நடந்தது இதுதான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பத்தாம் ஆண்டுக்குக் கட்டுரைத் தலைப்பு: 'இசை'. எல்லோரும் ஒன்றையே எழுதினார்கள். இசை ஒரு கடல், இசைக்குக் குழந்தையும் மயங்கும், பாம்பும் மயங்கும். பதினொரு கட்டுரை, பதினொரு பாம்பு. நான் பாம்பைப் பெட்டிக்குள் விட்டுவிட்டு வேறு வேலை பார்த்தேன். என் சுவிஸ் வகுப்பில் இருபத்திரண்டு பேருக்குப் பதின்மூன்று வீட்டுமொழிகள். ஒவ்வொருவரிடமும் போய், "உங்கள் வீட்டில் இசைக்கு என்ன சொல்?" என்று கேட்டேன். பிறகு நூலகத்துக்குப் போய் இரண்டு சனிக்கிழமை மாலைகளைச் செலவழித்தேன். நான்! நூலகத்தில்! நூலகரே பயந்துபோய் என் பையைச் சோதித்தார்.

ஜேர்மன்காரருக்கு மூசீக். இத்தாலியருக்கும் போர்த்துக்கீசருக்கும் மூசிக்கா. அல்பேனியருக்கு முசிக்க. ஒரே பெண்ணுக்கு ஊர் ஊராகத் தைத்துக் கொடுத்த சட்டைகள். கிரேக்கத்தில் மூசாக்கள் என்று ஒன்பது சகோதரிகள் இருந்தார்கள். பாட்டுக்கும் கவிதைக்கும் ஆட்டத்துக்கும் தெய்வங்கள். அவர்களுடைய கலை 'மூசிக்கே'. அதை இலத்தீன்காரர் எடுத்தார்கள், அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரர், பிறகு ஆளாளுக்கு.

ஆனால் எடுக்காதவர்களும் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அவர்களைத்தான். ரேகா (பெயரைக் கேட்டு அம்மா தமிழ்ப்பிள்ளை என்று நினைத்தார், ஹங்கேரிக்காரி) வீட்டில் 'ஸெனெ'. செக் நாட்டில் 'ஹுட்பா', நரம்புக் கருவியை வாசிப்பது பற்றிய பழைய சொல்லிலிருந்து. ஐஸ்லாந்தில் 'டோன்லிஸ்ட்', ஒலியும் கலையும் சேர்த்துக் கட்டியது. குரொவேசியர் குரலுக்கான சொல்லிலிருந்து 'கிளாஸ்பா' என்று ஒன்று செய்துகொண்டார்கள். பக்கத்துச் செர்பியர் 'மூசிக்கா'வோடு நின்றுவிட்டார்கள். இதைக் கேட்கப்போய் எங்கள் வகுப்பில் ஒரு பென்சில் பெட்டி பறந்தது. நாலு பக்கம் எழுதினேன்.

கனகசிங்கம் மாஸ்டர் ஊரில் பௌதிகம் படிப்பித்தவர், இங்கே வாரத்துக்கு மூன்று மணித்தியாலம் தமிழைக் காப்பாற்றுகிறார். என் கட்டுரையை எல்லோருக்கும் முன்னால் உரத்து வாசித்தார்.

"ஒன்பது சகோதறிகள். வல்லின றகரம்! ஒன்பது பேரையும் தறிச்சுப் போட்டியே பிள்ளை."

சிரிப்பு. சரி, அந்த அடி எனக்கு வேண்டியதுதான், நானே எழுதியிருக்க வேண்டிய பகிடி.

"நாலு பக்கத்திலை ஐரோப்பா முழுக்கச் சுத்திறாய். எங்கட தமிழ் எங்கை?"

"மாஸ்டர், இது அந்தச் சொல்லு வந்த வழி. உண்மை."

"உண்மை கிடக்கட்டும். உணர்வு எங்கை?"

முப்பத்தெட்டு. நாற்பதுக்குக் கீழே எடுத்தவர்களுக்குத் தமிழ்ப் பள்ளியின் வெள்ளிவிழா மேடை இல்லையாம். ஏப்ரல் 6 விழாவில் ஜேர்மனில் அறிவிப்புச் செய்ய இருந்தது நான்தான்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தினை?"

"முப்பத்தெட்டு."

"பாஸ் எத்தினை?"

"நாப்பது."

"ரெண்டுதானே," என்றார். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். என்ன எழுதினாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஹுட்பாவைச் சொல்லியிருப்பேன்.

மார்ச் 3, திங்கள்

உடுப்புத் தோய்க்கும் முறை எங்களுக்கு. இந்தக் கட்டடத்தில் பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு இயந்திரம், இரண்டு கிழமைக்கு ஒரு நாள். அந்த நாளைத் தவறவிட்டால் கீழ்வீட்டு அம்மா உடுப்பை அல்ல, உங்களையே பிழிந்துவிடுவா. நிலவறையில் இயந்திரம் சுற்றும்வரை காவல் இருந்தேன். கையில் போன்.

உண்மைக்கு முப்பத்தெட்டு என்றால் பொய்க்கு எத்தனை? பார்க்கலாமே.

அகராதியில் 'மூசு' என்று ஒரு நல்ல சொல் கிடைத்தது. மொய்த்தல், மூச்சு வாங்குதல். போதும். உலகின் முதல் இசை தேனீக்கள் மூசும் ஒலி என்று தொடங்கினேன். மூசு, மூசிகம், மூசிக்கா, மியூசிக். பூம்புகாரிலிருந்து போன மிளகுக் கப்பலில் தேன்கூடுகளும் போயின. கிரேக்கக் கரையில் கூடு உடைந்தது. "மூசுகிறதே, மூசுகிறதே" என்று தமிழ் மாலுமி கத்தினான். அதைக் கேட்ட கிரேக்கன் கல்லில் செதுக்கினான். கண்டுபிடித்தவர்: பேராசிரியர் கலாநிதி பேட்டர் லூக்னர், ஜேர்மனி, நாற்பது ஆண்டு ஆய்வு. லூக்னர் என்றால் ஜேர்மனில் பொய்யன். மூசிகம் என்றால் தமிழில் எலி. இரண்டு மொழியிலும் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் பொய் சொல்லியிருக்கிறேன், என்மேல் குற்றம் இல்லை.

கடைசி வரி: 'தமிழன் என்றால் பகிரவும். பகிராதவன் தன் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளவும்.'

றகரம், ரகரம் எல்லாம் நாலு தரம் பார்த்தேன். ஒரு பிழை இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

அம்மாவின் போனிலிருந்து அம்மாவின் சமையல்குறிப்புக் குழுவுக்கு அனுப்பினேன். மீன்குழம்புக்கும் பயற்றம் பணியாரத்துக்கும் நடுவில். பிறகு அம்மாவின் போனில் தடயத்தை அழித்தேன்.

மார்ச் 8, சனி

நான்கு நாள். நாலே நாள்!

காலைக் கூட்டத்தில் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்தார். முதல் வரியிலேயே என் தேனீக்களைக் கண்டுகொண்டேன். முழுவதையும் வாசித்தார். மாலுமி கத்திய இடத்தில் அவருக்குக் குரல் உடைந்தது. உண்மையிலேயே அழுதார்.

"ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு இருக்கிற உணர்வு," என்று என் வரிசையைப் பார்த்தார், "எங்கட பிள்ளையளுக்கு இல்லை. மூசாவாம், கீசாவாம் எண்டு எழுதுதுகள்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன், எல்லோரையும் விடச் சத்தமாக. உள்ளங்கை இன்னும் எரிகிறது. என் தமிழைக் கேட்டு அழுகிற மனிதர் என் தமிழுக்கு முப்பத்தெட்டுப் போட்டிருக்கிறார். இதை ஒருவருக்கும் சொல்ல முடியாது. அதுதான் பெரிய கொடுமை.

மார்ச் 11, செவ்வாய்

அப்பாவுக்கு இன்று விடுமுறை நாள். எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். அப்பா போனை எடுத்து, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு, "இதைக் கேளுங்கோ. அண்ணை ரொறன்ரோவிலையிருந்து அனுப்பியிருக்கிறார்," என்றார்.

என் தேனீக்கள் கடல் கடந்து திரும்பி வந்துவிட்டன. கொஞ்சம் கொழுத்தும் இருந்தன. 'ஐரோப்பாவின் ஏழு பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்டன' என்று ஒரு வரி. அதை நான் எழுதவில்லை. எவனோ என்னைவிடப் பெரிய பொய்யன்.

அப்பா ஹோட்டல் குசினியில் சட்டி கழுவுகிறவர். வீட்டில் அவர் உரத்து வாசித்து நான் கேட்டதே இல்லை. ஒவ்வொரு சொல்லாக, தட்டில் வைக்கிற மாதிரி வாசித்தார். அம்மா கறியைப் பரிமாறாமல் கரண்டியோடு நின்றார்.

"இருபத்திரண்டு வருசமா அந்தக் குசினியிலை ரேடியோ பாடுது," என்றார் அப்பா. "அது அவங்கட சாமான் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டு நிண்டன். இப்ப பார். பேரே எங்கட பேராம்."

எனக்கு உருளைக்கிழங்கு புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பை அடக்கியதால் வந்தது. வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 15, சனி

பெற்றோர் கூட்டம். வெள்ளிவிழாவுக்கு நகரசபையிலிருந்து ஒரு அம்மாவும் இசைப்பள்ளி அதிபரும் வருகிறார்களாம். அவர்களுக்கு விளங்கும்படி லூக்னர் கட்டுரையை ஐந்து நிமிடம் ஜேர்மனில் சொல்ல வேண்டும்.

"எங்கட பிள்ளையளிலை நல்ல டொச் கதைக்கிறது யதுசாதான்," என்றார் மாஸ்டர் என்னைக் காட்டி. "ஆனால் விதி எண்டால் விதி."

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. சட்டி கழுவிக் கழுவி வெளிறிப்போன கை. எனக்கு அந்தக் கையை எங்கே கண்டாலும் தெரியும்.

"நான் சொல்லுறன் மாஸ்டர். அவ்வளவு வடிவா வராது. பழகிச் சொல்லுறன்."

பதினொரு வருடமாக அந்தப் பள்ளிக்கு வருகிறோம். அப்பா கை உயர்த்தியது இன்றுதான். இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தவர் இன்றைக்கும் இருந்திருக்கக் கூடாதா? யார் கேட்டது இவரை?

மார்ச் 19, புதன்

ஹோட்டல் சமையற்காரர் தாவோர் அப்பாவுக்கு ஜேர்மனைத் திருத்திக் கொடுத்திருக்கிறார். குரொவேசியர். அப்பா அதைத் தமிழ் எழுத்தில் பெரிய பெரிய எழுத்தாக எழுதி வைத்திருக்கிறார்: 'ஸேர் கேஎர்த்த டாமன் உண்ட் ஹெறன்', அதாவது மதிப்புக்குரிய சபையோரே.

"தாவோர் சிரிச்சவன். தங்கட சொல்லு கிளாஸ்பா எண்டான். அது வேறையடா எண்டு சொல்லிப்போட்டன். அவனும் மனுசியும் வருகினம். முதலாளியும் வாறன் எண்டவர்."

முதலாளியும்.

உச்சரிப்பைப் பார் என்று என்னைக் கூப்பிட்டார். பார்த்தேன். ஒவ்வொரு சொல்லாக. அப்பா பொறுமையாக உதட்டைக் குவித்தார், விரித்தார், மறுபடி குவித்தார். எல்லாவற்றையும் திருத்தினேன். பேராசிரியரின் பெயரை மட்டும் திருத்தவில்லை. 'லுக்கினர்' என்கிறார். அப்படியே சொல்லட்டும். அப்படிச் சொன்னால் ஒருவேளை அந்த நகரசபை அம்மாவுக்கு விளங்காமல் போகலாம்.

"இதுவும் சரியோ பிள்ளை, லுக்கினர்?"

"அது நல்லாச் சொல்லுறீங்கள் அப்பா."

மார்ச் 23, ஞாயிறு

மழை. எனக்கென்ன. நம்பச் சொல்லி நானா கேட்டேன்?

கேட்டேன்தான். கடைசி வரியில்.

மார்ச் 29, சனி

அப்பாவின் கோட்டு. அம்மா கையைக் குட்டையாக்கித் தைத்தார். "உங்கட அப்பா மேடை ஏறினது கலியாணத்தண்டு மட்டும்தான். அதுவும் இருந்துகொண்டு," என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். தலைமயிர் வெட்டி, மீசைக்கு மை பூசி, ஐந்து நிமிடத்தையும் பாராமல் சொல்கிறார். குளிக்கும்போது சொல்கிறார். பேருந்தில் உதடு அசைகிறது.

எனக்கு எல்லோர் மேலும் கோபம். மாஸ்டர் மேல், பெரியப்பா மேல், அந்த ஏழு பல்கலைக்கழகத்தான் மேல், சமையல் குழுவில் பணியாரத்தை விட்டுவிட்டுத் தேனீயைப் பகிர்ந்த நூற்றுப்பத்து அன்ரிமார் மேல். ஒருத்தராவது ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கூடு உடைந்தால் ஒரு மனிதன் "மூசுகிறதே" என்றா கத்துவான்? "ஐயோ" என்றல்லவா கத்துவான்!

ஏப்ரல் 1, செவ்வாய்

முட்டாள்கள் தினம். ரேகா என் கதிரையில் ஒட்டுப்பசை பூசிவிட்டு, நான் பழிவாங்குவேன் என்று நாள் முழுக்கக் காத்திருந்தாள். நான் ஒன்றும் செய்யவில்லை. சுகமில்லையா என்று கேட்டாள்.

ஏப்ரல் 2, புதன்

சொன்னேன்.

அப்பாவுக்கு மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் மூன்று மணித்தியால இடைவேளை. அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து, கதிரையிலேயே நித்திரை கொள்வார். இன்று நித்திரை இல்லை, பேச்சுப் பழகிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அது பொய். நான்தான் எழுதினனான்."

"எது?"

"தேனீ, கப்பல், லூக்னர். எல்லாம். மாஸ்டரிலை கோவத்திலை."

என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "உன்ர குழப்படிக்கு ஒரு அளவில்லையே? ஏப்ரல் ஒண்டு நேற்றையோட முடிஞ்சுது."

"சத்தியமா அப்பா! லூக்னர் எண்டால் பொய்யன். உங்களுக்குத் தெரியாதே?"

"ஏன், ஒரு மனுசனுக்கு அப்பிடிப் பேர் இருக்கக் கூடாதோ? எங்கட ஊரிலை ஒருத்தனுக்குப் பேர் சத்தியசீலன். பொய்க் கையெழுத்துப் போட்டு மூண்டு தரம் மறியலுக்குப் போனவன்."

"அப்பா..."

"பிள்ளை, கேள். இது படிச்ச ஆள் எழுதின தமிழ். உனக்கு முப்பத்தெட்டு."

கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அடித்திருந்தாலும் பரவாயில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

பள்ளி முடிந்து மாஸ்டர் வீட்டுக்கே போனேன். தேத்தண்ணி தந்தார். சொன்னதைக் கடைசிவரை கேட்டார். எழுந்து போய் என் கட்டுரைக் கொப்பியைக் கொண்டுவந்து, சிவப்பு வட்டம் போட்ட இடத்தில் விரலை வைத்தார்.

"சகோதறிகள். இதை எழுதின கைதான் அதையும் எழுதினது எண்டு சொல்லுறியோ? உனக்கு மேடை கிடைக்கேல்லை. அப்பாவுக்குக் கிடைச்சிட்டுது. பொறாமை கூடாது பிள்ளை, அதுவும் பெத்த தகப்பனிலை."

பிஸ்கட் இருந்த தட்டை என் பக்கம் தள்ளினார். நான் எடுக்கவில்லை. படியில் இறங்கும்போது அவருடைய தபால்பெட்டியைக் காலால் உதைத்தேன். பெருவிரல் வீங்கியிருக்கிறது. தபால்பெட்டிக்கு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

இடைவேளைக்கு அப்பா வந்ததும் கதவுக்குக் குறுக்கே நின்றேன்.

"ஒரு சொல்லுத் தாங்கோ. எந்தச் சொல்லெண்டாலும். உங்களுக்கு முன்னாலை எழுதிறன்."

"விசர் வேலை பாக்காதை. விடியத் தொடக்கம் நிண்டு எனக்கு நாரி நோகுது."

"ஒரே ஒரு சொல்லு அப்பா. பத்து நிமிசம்."

அப்பா கதிரையில் இருந்து, சப்பாத்தைக் கழற்றி, கண்ணை மூடினார். என்னைத் துரத்தத்தான் சொன்னார் போலிருக்கிறது: "வயலின்."

மின்சாரக் கட்டணக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். அப்பா ஒரு கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயலில் நெல் முற்றிய காலம். கிளி ஓட்டக் காவலிருந்த உழவன் மகள், மூங்கிலில் நரம்பைக் கட்டி, வைக்கோலை முறுக்கி உரசினாள். வயலின் ஒலி. வயலின் குரல். கொற்கைத் துறையில் முத்து வாங்க வந்த இத்தாலியன் ஒருவன் அந்த ஒலியைக் கேட்டு வரம்பிலேயே அமர்ந்துவிட்டான். கப்பல் போய்விட்டது, அவன் போகவில்லை. மூன்று வருடம் கழித்து ஊர் திரும்பியவனின் கையில் முத்து இல்லை. அந்தக் கருவி இருந்தது. அதன் பெயரைக் கேட்டவர்களுக்கு அவன் சொல்லத் தெரிந்த ஒரே தமிழ்: 'வயலின்'. ஆதாரம்: பேராசிரியை கலாநிதி ஃபால்ஷ், வியன்னா. ஃபால்ஷ் என்றால் ஜேர்மனில் பிழை.

எட்டு நிமிடம். கொடுத்தேன்.

அப்பா கையை நீட்டித் தூரத்தில் பிடித்து வாசித்தார். முதல் வரி. இரண்டாம் வரி. இத்தாலியன் வரம்பில் அமர்ந்த இடத்தில் அப்பாவின் முகம் அப்படியே மலர்ந்தது. அந்தப் பழைய மலர்ச்சி, ரொறன்ரோவிலிருந்து வந்த செய்தியை வாசித்தபோது வந்தது. "அட!" என்று வாய்விட்டுச் சொன்னார்.

பிறகுதான், இதை என் கை எழுதுவதைத் தானே பார்த்துக்கொண்டிருந்தது அவருக்கு நினைவுக்கு வந்தது.

முகம் மூடிக்கொள்வதை நான் பார்த்தேன். விளக்கை அணைத்த மாதிரி இல்லை, கடையை மூடுகிற மாதிரி. ஒவ்வொரு பலகையாக.

கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சப்பாத்தை மறுபடி போட்டார். இடைவேளை முடிய இரண்டு மணித்தியாலம் இருந்தது. வேலைக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 5, சனி

மண்டபம் அலங்கரித்தோம். பலூன் ஊதினேன். எண்பத்தொன்று. மூச்சு வாங்கியது, அதாவது மூசியது. எனக்கே சிரிப்பு வரவில்லை.

அப்பா என்னோடு கதைக்கவில்லை. ஏசலாமே! கத்தலாமே! நாளைக்குப் போகமாட்டேன் என்று ஒரு சொல் சொல்லலாமே! அம்மா ஒன்றும் தெரியாமல் கோட்டை அயர்ன் பண்ணுகிறார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அப்பா போனார். கோட்டு, மை பூசிய மீசை, எல்லாம். கையில் ஒரு தாளும் இல்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் நகரசபை அம்மா, இசைப்பள்ளி அதிபர். இரண்டாம் வரிசையில் தாவோர், அவர் மனைவி, முதலாளி. மாஸ்டர் ஒலிவாங்கியில், "உலகத்தின் இசைக்கே பெயர் வைத்த இனம் நாங்கள் என்பதை இப்போது திரு. தவராசா ஜேர்மன் மொழியில் எடுத்துரைப்பார்," என்றார்.

அப்பா ஏறினார். 'ஸேர் கேஎர்த்த டாமன் உண்ட் ஹெறன்' மிகச் சரியாக வந்தது. அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். மேடை விளிம்பைப் பார்த்துக்கொண்டு குசினி ஜேர்மனில் சொன்னார். அதைத் தமிழில் இங்கே எழுதுகிறேன்.

"நான் ஒரு கட்டுரை சொல்ல வந்தேன். அந்தக் கட்டுரை பொய். என் மகள் எழுதியது. அவளுக்குக் கோபம். நான் நம்பினேன். ஒரு மாதம், ரேடியோ பாடும்போதெல்லாம், அது எங்கள் சொல் என்று நினைத்துக்கொண்டு சட்டி கழுவினேன். அந்த மாதம் நல்லாயிருந்தது. ஆனால் பொய். மன்னிக்கவும். நன்றி."

பிறகு அதையே தமிழில் சொன்னார். தமிழில் சொல்லும்போதுதான் குரல் நடுங்கியது.

நான் கதிரைக்குக் கீழே போய்விடலாமா என்று பார்த்தேன். பின்னாலிருந்து ஒருவர், "காட்டிக்குடுக்கிறான்!" என்றார். இன்னொருவர், "வெள்ளைக்காரருக்கு முன்னாலையோ?" என்றார். மாஸ்டர் ஓடிவந்து ஒலிவாங்கியைப் பறித்தார். "தவராசாவுக்குச் சுகமில்லை. மேடைப் பயம்," என்று சிரித்தார். பிறகு தன் போனை எடுத்து, தானே ஜேர்மனில் தொடங்கினார்.

முழுவதையும். தேனீ, கப்பல், மாலுமி. பேராசிரியரின் பெயரை மாஸ்டர் மிகச் சரியாக உச்சரித்தார். லூக்னர். மூன்று தரம். நகரசபை அம்மா நிகழ்ச்சித் தாளை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டார். தாள் ஆடியது. இசைப்பள்ளி அதிபர் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நான் ஒரு மாதமாகக் கற்பனை செய்துவைத்திருந்த பழி இதுதான். அப்படியே நடந்தது. ஒரு துளி இனிக்கவில்லை. மாஸ்டரின் குரல் இன்றும் அந்த மாலுமியின் இடத்தில் உடைந்தது.

தாவோர் மட்டும் எழுந்து, கூட்டத்துக்கு நடுவால் வந்து, அப்பாவின் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா அழுதார். அப்பா பேருந்தில் என் பக்கத்தில் இருக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

மூன்று நாளாக வீட்டில் உப்புத் தா, கதவைச் சாத்து, அவ்வளவுதான். இன்று காலை பெரியப்பா ரொறன்ரோவிலிருந்து கூப்பிட்டு அப்பாவை அரை மணித்தியாலம் ஏசினார். அப்பா "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் போனைப் பறித்து எறிய வேண்டும் போலிருந்தது. என்மேல் விழவேண்டிய ஏச்சு. அதைக்கூட அவரே வாங்கி வைத்துக்கொள்கிறார்.

இடைவேளைக்கு வந்தார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். நான் போகத் திரும்பினேன்.

"அப்ப உண்மை என்ன?"

"எது அப்பா?"

"அந்தச் சொல்லு. மூசிக். உண்மையா எங்கையிருந்து வந்தது?"

நின்றபடியே சொன்னேன். கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு, ஜேர்மன். போர்த்துக்கீசர், அல்பேனியர். தாவோரின் சொல் அந்தக் குடும்பமே இல்லை, ரேகாவின் சொல்லும் இல்லை. 'இசை' அந்தப் பக்கம் போகவும் இல்லை, அங்கிருந்து வரவும் இல்லை, அது தன் பாட்டில் இருக்கிறது. அப்பா குறுக்கிடவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் என் கண்ணைப் பார்த்தார், பழைய நாணயத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரி. எனக்கு எரிச்சல் வந்தது. பொறுத்துக்கொண்டேன்.

"மூசாக்கள் எண்டு ஒன்பது பேர். நினைவுத் தெய்வத்தின்ர பிள்ளையள். அவையின்ர பேரிலையிருந்துதான் எல்லாம் வந்தது."

"அவைக்கு அந்தப் பேர் எங்கையிருந்து வந்தது?"

இதை மாஸ்டர் கேட்கவில்லை. வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. நூலகத்துப் புத்தகத்தில் அந்த இடத்தில் இரண்டு மூன்று ஊகங்கள்தான் இருந்தன. மனம் என்கிறார் ஒருவர், மலை என்கிறார் இன்னொருவர். முடிவு இல்லை.

எனக்குள் ஐந்து பொய் வரிசையில் வந்து நின்றது. ஒவ்வொன்றும் நல்ல பொய். ஒன்றில் ஒரு பனிமலை இருந்தது, ஒரு இடையன், ஒரு செவிட்டுப் பெண். அப்பாவுக்குப் பிடித்திருக்கும். முகம் மலர்ந்திருக்கும். எனக்கு அந்த முகம் வேண்டும் போலிருந்தது.

"தெரியாது அப்பா. ஒருதருக்கும் சரியாத் தெரியாதாம்."

அப்பா என் கண்ணையே பார்த்தார். தேத்தண்ணியில் ஆடை படர்ந்தது. அதை விரலால் ஒதுக்கிவிட்டு ஒரு மிடறு குடித்தார். காலால் பக்கத்துக் கதிரையை என் பக்கம் தள்ளினார்.

"பிறகு?" என்றார்.